ஆடியில் விற்ற ஆறு வளையல்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், காட்டுப்பன்றி கிண்டிப் போட்ட சரிவில் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டாக்கினேன். ஜீப்பு ஏறாத பாதையில் தகரத்தையும் இரும்புக் குழாயையும் தலைச்சுமையாக ஏற்றி, பச்சைக்காய் உலர்த்த ஒரு ஸ்டோர் கட்டினேன். கட்டிய வருடமே காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினேன். போடி ஊருக்குள் காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி ஒன்று. அதில் நாற்பது பெண்களுக்கு அன்றாடம் வேலை. சிலமலை போகிற ரோட்டில் மாடி வீடு. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது நான் நகராட்சி வாசலில் மூன்று நாள் போய் உட்கார்ந்ததால்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கு அது தெரியாது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. எங்கள் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒன்றுதான். பெருவிரல் ரேகை வைத்துக் கணக்குத் தொடங்கிய வங்கியில், பிறகு மேனேஜரே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். பேப்பர் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். எழுதவும் கற்றுக்கொண்டேன். இதை எழுதுவது நான்தான்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். ரேட்டு தெரியும் எனக்கு. அவ்வளவுதான் ரகசியம்.

ஏலக்காய் ரேட்டு தினம் ஆடும். காலையில் ஏலத்தில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மழைக்காலத்தில் முதல் எடுப்பு தொடங்கும். செடியின் காலடியில் குனிந்து, விளைந்த காயை மட்டும் பறித்து, நாற்பது நாற்பத்தைந்து நாள் விட்டு மறுபடியும் வந்து பறிப்பதைத்தான் எடுப்பு என்போம். இரண்டாம் எடுப்பு, மூன்றாம் எடுப்பு என்று காய் வந்து குவியக் குவிய ரேட்டு இறங்கும். மாசியோடு எடுப்பு முடியும். வெயில் ஏற ஏற ரேட்டும் ஏறும். ஏறும்போது விற்று, இறங்கும்போது வாங்கி வைக்கிறவன் பிழைப்பான். சொல்வதற்கு லேசு. இறங்கும்போது வாங்கக் கை நடுங்கும், ஏறும்போது விற்க மனசு வராது. எனக்கு நடுங்கியதில்லை.

கொரோனாவுக்கு முந்தின வருடம் மழை பொய்த்தது. பிறகு மொத்தமாகக் கொட்டி, தோட்டமெல்லாம் அழுகியது. காயே இல்லை. போடியில் யாரும் கனவிலும் பார்க்காத விலைக்கு ஏலக்காய் போனது. முதல் ஏற்றத்திலேயே எல்லோரும் விற்றுவிட்டார்கள். நான் கிட்டங்கியில் அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். "இன்னும் என்னத்துக்குண்ணே வச்சிருக்கீக, பூசணம் பூக்கவா?" என்று கேலி பேசினார்கள். ஒரு வியாழக்கிழமை அத்தனையும் விற்றேன். அடுத்த வாரம் இறங்கியது. இறங்கியது என்றால், கிணற்றில் வாளி அறுந்து விழுகிற மாதிரி. அதற்குப் பிறகு டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் நாலு பேர் வந்து உட்காருவார்கள். "அண்ணனுக்கு மூக்குலயே ரேட்டு இருக்குப்பா" என்பார்கள்.

அந்த மூக்கு என் பெண்டாட்டியின் கையில் கிடந்த ஆறு வளையலை விற்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவள் சிலமலைக்காரி. கல்யாணத்தின்போது அவள் வீட்டில் போட்டது ஒரு தோடும் மூக்குத்தியும். நான் போட்டது மஞ்சள் கயிறு. நான் மண்டியில் சாக்கு சுமந்த காலத்தில், அவள் விடியும் முன்பே ஜீப்பில் மலையேறி, எஸ்டேட்டில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புவாள். பதினோரு வருடம் அப்படிப் போனாள். ஒரு ஜீப்பில் இருபது பெண்கள். வெளியே தொங்குகிறவர்கள் வேறு. மலையில் மழை, அட்டை, ஏலத்தட்டை உரசிக் கையெல்லாம் கீறல். வீட்டுச் செலவுக்கு என் கூலி, மகள் படிப்புக்கு அவள் கூலியில் பாதி. மிச்சத்தைக் கொண்டுபோய் பஜாரில் ஒரு நகைக்கடையில் மாதச் சீட்டாகப் போடுவாள். முதல் ஜோடி வளையல் வாங்க அவளுக்கு நாலு வருடம் ஆனது. ஆறு வளையல் சேர்ந்தபோது மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆறில் என் காசு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. தோட்டம் வாங்கினேன், கிட்டங்கி கட்டினேன், அவளுக்குப் பொன் வாங்கித் தரவில்லை. ஏலக்காயில் போட்ட பணம் பெருகும், பொன் சும்மா கிடக்கும் என்று என் நினைப்பு. கையில் வசதி வந்த பிறகு அவள் அந்த ஆறையும் கழற்றாமல் போட்டுக்கொண்டே திரிந்தாள். சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, கிட்டங்கிப் பெண்களை அதட்டும்போது, எல்லா நேரமும்.

கொரோனா வந்த வருடம் கடைகள் பாதி நேரம்தான் திறந்தன. கம்பெனிகள் மூடிக் கிடந்தன. உலகத்தில் பணம் வைத்திருப்பவனெல்லாம் பயந்துபோய்த் தங்கத்தை வாங்கினான். ரேட்டு நாளுக்கு நாள் ஏறியது. வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு ஏலக்காய் ஏலமும் இல்லை, டீக்கடையும் இல்லை. போனில் தங்க ரேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க, ஏலக்காய் ஏறிய வருடத்தின் அதே வாசனை. ஆடி மாதம் உச்சிக்குப் போய்விட்டது என்று எனக்குப் பட்டது.

"வளையலக் கழட்டு. இப்ப வித்துட்டு, எறங்குனதும் வாங்கிக்கிருவோம்" என்றேன்.

"ஆடி மாசத்துல பொன்ன வெளிய விடுவாகளா?"

"ஆடியிலதான் காத்தடிக்கும். தூத்துறவன் அப்பத்தான் தூத்தணும்."

"எறங்கும்னு யாரு சொன்னா?"

"ஏலக்கா எறங்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? குழாயடியில் சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி வளையல் எலும்பில் மாட்டிக்கொண்டது. கையைத் திருப்பித் திருப்பி இழுத்தாள். பிறகு துண்டில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"எண்ணிக்கங்க. ஆறு. ஆறாத் திரும்பி வரணும்."

"எட்டா வரும் பாரு" என்றேன்.

நகைக்கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர்தான் அந்த ஆறையும் அவளுக்கு விற்றவர். வளையலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னண்ணே, எதும் அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்லப்பா. ரேட்டு உச்சியில இருக்கு."

"ரேட்டு இருக்கும். ஆனா இது ஏலக்கா இல்லண்ணே."

"எல்லாச் சந்தையும் ஒண்ணுதான். போடுறா தராசுல."

அவர் எடை போட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பணத்தைக் கொண்டுபோய் வங்கியில் தனியாகப் போட்டேன். அதைத் தொடக் கூடாது என்று வைராக்கியம். தொடவும் இல்லை. இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னது பலித்தது. ஆடியில் நின்ற உச்சியிலிருந்து தங்கம் மெல்ல இறங்கத் தொடங்கியது. தடுப்பூசி வருகிறது என்ற செய்தி வந்ததும் பயம் தெளிந்து, தங்கத்திலிருந்த பணம் கம்பெனிப் பங்குகளுக்குத் திரும்பிப் போனது. கார்த்திகையில் இறங்கியது, தையில் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏலக்காய் மாதிரியே, எடுப்பு எடுப்பாக இறங்குகிறது!

மாசியில் ஒரு நாள் நகைக்கடைக்காரர் போன் செய்தார். சத்தமாக வைத்துத்தான் பேசுவேன். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணே, ஒங்க வாக்குப் பலிச்சுருச்சு. நல்லா எறங்கியிருக்கு. செய்கூலி, சேதாரம் எல்லாம் போக அந்தப் பணத்துக்கு ஏழு வளையல் எடுத்துக்கலாம். வந்துருங்க."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள், அப்போதே கிளம்புகிற மாதிரி.

"ஏழுன்னா ஒத்தப்படையாச்சே" என்றேன். "ஒரு கையில நாலும் ஒரு கையில மூணுமா போட்டுக்கிருவ? எட்டா வரட்டும்."

"ஆறு வாங்குங்க, போதும். மிச்சக் காசுல பேத்திக்கு மோதரம் எடுப்போம்."

"எடுப்பு இன்னும் முடியல. இன்னும் ஒரு எறக்கம் இருக்கு."

"தங்கத்துக்கு ஏதுங்க எடுப்பு?"

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தாள். கட்டின சேலையை மாற்றவில்லை. அதோடேயே அன்றைக்குச் சமையல் செய்தாள்.

பங்குனியோடு தங்கம் திரும்பியது. சித்திரையில் ஏறியது. நான் அடுத்த இறக்கத்துக்குக் காத்திருந்தேன். சில நாள் இறங்கும்; இறங்கியதைவிடக் கூடுதலாக ஏறும். அவளுக்கு எழுதப் படிக்க நன்றாக வரும். காலையில் காப்பி கொண்டுவரும்போது போனில் ரேட்டைப் பார்த்து, அந்தப் பணத்துக்கு எத்தனை வளையல் கிடைக்கும் என்று அவளே மனக்கணக்காகப் போட்டுச் சொல்லிவிடுவாள். ரூபாயில் சொல்ல மாட்டாள்.

"இன்னைக்கு ஆறு."

பிறகு ஒரு நாள், "இன்னைக்கு அஞ்சே முக்கா."

திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அவள் திட்டவே இல்லை. டம்ளரை வைப்பாள், எண்ணைச் சொல்வாள், போய்விடுவாள். நான் பின்னாலேயே காரணம் சொல்லிக்கொண்டு போவேன். ரஷ்யாக்காரன் சண்டை ஆரம்பித்துவிட்டான், அதனால் ஏறுகிறது. டாலருக்கு முன்னால் நம்ம ரூபாய் இளைத்துவிட்டது, அதனால் ஏறுகிறது. அமெரிக்காவில் வட்டியைக் கூட்டப் போகிறார்கள், இறங்கிவிடும். ஒரு நாள் அடுப்படியில் திரும்பி நின்று சொன்னாள்:

"காரணம் நெறைய வச்சிருக்கீக. வளையல்தான் இல்ல."

ராசிங்காபுரத்தில் பேத்திக்குக் காது குத்தினார்கள். மகள் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வணிகவியல் டீச்சர்; அவளைக் கட்டிக்கொடுத்தது ராசிங்காபுரத்தில். அந்த விசேஷத்துக்கு என் பெண்டாட்டி கவரிங் வளையல் ஆறு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். முந்தானையை முழங்கை வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். என் தங்கச்சிக்கு வாய் நீளம். கூட்டத்தில் மதினியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"என்ன மதினி, வளையல் இப்படிப் பல்லிளிக்குது! எங்க அண்ணன் தோட்டத்துல இப்பப் பித்தளையா காய்க்குது?"

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். நான் சந்தனக் கும்பாவோடு மூன்று எட்டு தள்ளி நின்றேன். என்னைச் சுற்றி ஆண்கள். அந்த நேரம்தான் ஒருவர், அடுத்த மாதம் ஏலக்காய் எங்கே போய் நிற்கும், அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் விக்கச் சொன்னேன், தாயி" என்றாள் என் பெண்டாட்டி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ரேட்டு ஏறுதுன்னதும் எனக்கு ஆச வந்துருச்சு. ஒங்க அண்ணன் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல."

"அட, அண்ணன் பேச்சக் கேக்காம விட்டீகளே மதினி! ஊரே அவருகிட்ட வந்து கேட்டுட்டுப் போகுது."

"என்ன செய்ய, கூறு கெட்டுப்போச்சு."

நான் சந்தனத்தை அடுத்தவருக்கு நீட்டினேன். அடுத்த மாதம் ஏலக்காய் கூடும் என்றும் சொன்னேன். அது கூடியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "நாலு பேரு ஒங்க மூக்குக்குத்தான் மரியாத குடுக்கிறாக. அதுவும் போயிருச்சுன்னா என்ன செய்வீக நீங்க?"

போகப் போக அவள் காலையில் சொல்கிற எண் நாலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது ஒரு பட்ஜெட் நாள். வெளிநாட்டிலிருந்து வரும் தங்கத்துக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ரேட்டு சரிந்தது. அன்றைய நிலவரத்துக்கு அந்தப் பணத்தில் நாலு வளையல் வாங்கி, கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். ஓடிவந்து சொன்னேன்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

"நாலு போதும். வெரசாப் போயி வாங்கியாங்க."

செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் ஒரே நாளில் இவ்வளவு இறங்கியது நாளைக்கு இறங்காதா என்ற நினைப்பு வந்தது. ஒரு வாரம் பொறு என்றேன். வரி ஒரு தடவைதான் குறையும், தினம் தினம் குறையாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதம் போவதற்குள் பழைய விலையைத் தாண்டிவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். தோசை ஊற்றிக்கொண்டே எனக்கு விளக்கிச் சொன்னாள். இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான்.

"அப்பா, தங்க ரேட்டு போடியில முடிவாகுறதில்ல. சென்னையில இருந்து காலையிலயும் மத்தியானமும் நம்ம கடைக்கு வருது. அவுகளுக்கு லண்டன்லயும் அமெரிக்காவுலயும் நடக்குற வியாபாரத்துல இருந்து வருது. அங்க டாலர்ல வெல. அத ரூபாயாக்கணும், அதுக்கு மேல நம்ம கவருமெண்டு வரி. இந்த மூணுல எது அசைஞ்சாலும் இங்க அசையும். வெளிநாட்டுல தங்கம் அப்படியே நின்னாக்கூட, ரூபா எறங்குனா நமக்கு ஏறும்."

"அது சரித்தா. ஆனா ஏறுனது எறங்கித்தான ஆகணும்?"

"ஏன் எறங்கணும்?"

"ஏலக்கா எறங்குதே."

"ஏலக்காய ஒரு வருசத்துக்கு மேல வச்சிருந்தா என்னாகும்?"

"பச்ச போயி வெளுத்துரும். மணமும் போயிரும். எவன் வாங்குவான்?"

"அதனால வித்தே ஆகணும். எல்லாரும் விக்கிறதால எறங்குது. வருசா வருசம் புதுக்காய் வேற வருது. தங்கம் வெளுக்குமாப்பா? பூமியில இருந்து தோண்டுனது அத்தனையும் அப்படியே இருக்கு. எவனுக்கும் விக்கணும்ங்கிற கட்டாயம் இல்ல. பயம் வந்தா வாங்குறாக, பயம் தெளிஞ்சா கொஞ்சம் விக்கிறாக. அங்க பேங்குல வட்டி கூடுனா, சும்மா கெடக்குற தங்கம் எதுக்குன்னு விக்கிறாக. வட்டி கொறஞ்சா திரும்ப வாங்குறாக. இப்ப நாடுகளே டன் டன்னா வாங்கி அடுக்குது. நம்ம ஊரு முகூர்த்தமெல்லாம் அதுல ஒரு சின்னத் தள்ளுதான்."

தோசையை நான் பிய்க்கவே இல்லை. கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பெண்டாட்டி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இத எங்கிட்டக் கேட்டிருந்தா ஆடியிலயே சொல்லியிருப்பேன். பதினோரு வருசம் காய் எடுத்தவ நானு. செடியில காய்க்கிறதுக்குத்தான் எடுப்பு."

மகள் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் தங்கத்தோடு வெள்ளியும் பறக்க ஆரம்பித்தது. வெள்ளி ஏன் அப்படித் துள்ளுகிறது என்று மகளிடம் போனில் கேட்டேன். வெள்ளியில் பெரும்பங்கு நகைக்குப் போவதில்லை, சூரிய மின்சாரத் தகட்டுக்கும் போனுக்கும் காருக்கும் போகிறது என்றாள். பாக்டரிகள் கேட்டால் ஏறும், பாக்டரிகள் தூங்கினால் விழும். தங்கத்தைப் பார்க்க அது சின்னச் சந்தை. கொஞ்சம் பணம் உள்ளே வந்தாலே மட்டம் உயர்ந்துவிடும். பொட்டிபுரம் மலைப்பக்கம் காலி நிலத்தில் அந்தக் கண்ணாடித் தகடுகள் நிற்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அதற்குள் வெள்ளி இருக்கிறது என்று யார் கண்டது?

"வெள்ளி நல்லா ஏறுதாமே" என்று என் பெண்டாட்டி கட்டிலிலிருந்து காலை நீட்டினாள். "கொலுசு ரெண்டும் இருக்கு. விக்கலையா?"

அப்போதே அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. இருதயம் பலவீனமாகிவிட்டது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். மகள் தன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கொலுசை அங்கேதான் கழற்றினார்கள்.

நான் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராகப் பஜாருக்குப் போனேன். அந்தப் பணத்துக்கு அப்போது இரண்டு வளையல்தான் வரும். அந்த இரண்டையாவது வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். என் சொந்தப் பணம் போட்டு ஆறாகவே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். விற்ற பணத்திலேயே மீட்டால்தான் நான் சொன்னது நிற்கும் என்று அத்தனை வருடமும் பிடிவாதமாக இருந்தேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

நகைக்கடைக்காரர் வளையலை எடுத்து வைத்தார். "அளவு என்னண்ணே?"

"என்ன அளவு?"

"மதினி கை அளவுண்ணே. ரெண்டே நாலா, ரெண்டே ஆறா?"

எனக்குத் தெரியவில்லை. ஏலக்காயை உள்ளங்கையில் போட்டு உருட்டினாலே ஏழு எம்எம்மா எட்டு எம்எம்மா என்று சொல்லிவிடுவேன், சல்லடை பிறகுதான். நாற்பத்து மூன்று வருடம் கூட இருந்தவளின் கை அளவு தெரியவில்லை. ஆறு வளையலையும் என் கையில் வைத்தாளே, அன்றைக்காவது பார்த்திருக்கலாம். எடையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மகளுக்குப் போன் போட்டேன். அம்மாவிடம் அளவு கேட்கச் சொன்னேன். போனுக்குள் அவள் குரல் கேட்டது, மூச்சு வாங்கி வாங்கி.

"எதுக்காம்?"

"வளையல் வாங்கப் போறாராம்மா."

"இன்னைக்கு ரேட்டு என்ன, ஏறியிருக்கா எறங்கியிருக்கா?"

"ஏறியிருக்கும்மா."

"ஏறியிருக்கிறப்ப வாங்குற ஆளா ஒங்கப்பா? எறங்கட்டும்னு சொல்லு." சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது. அளவைச் சொல்லவில்லை.

நான் வாங்காமல் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வெளியே வந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவளே இறங்கட்டும் என்று சொல்லிவிட்டாளே என்று.

மறுநாள் கொஞ்சம் இறங்கியது. போய்ச் சொன்னேன். கண்ணை மூடியபடியே, "எத்தன?" என்று கேட்டாள்.

"ரெண்டே காலு."

தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, சேலையால் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். சுமங்கலியாகப் போனவளுக்கு மஞ்சள் பூசி, பட்டுக் கட்டி, பூ வைத்து, இருக்கிற நகையைப் போட்டு அலங்கரித்து, எடுக்கும் நேரத்தில் நகையை மட்டும் கழற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். "நகை எதுவும் இருந்தாக் கொண்டா, போட்டுவிடுவோம்" என்று மறைப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மகள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கைக்கு?

"அவதான் ஆசப்பட்டு வித்துட்டாளே பாவி" என்றது இன்னொரு குரல். "அந்த மனுசன் வேணாம்னு சொல்லச் சொல்ல வித்தாளாம்."

கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போடியில் பாதி ஊர் வந்திருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்துகொள்ளக் கால் வரவில்லை என்று எழுதலாம். ஆனால் அது பொய். கால் நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் தங்கச்சி அதே பேச்சை எடுத்தாள். அழுதுகொண்டேதான் பேசினாள். "நல்ல மனுசி. பொன்னு விசயத்துல மட்டும் அவுகளுக்குப் புத்தி போச்சு. வச்சிருந்தா இன்னைக்குப் பேத்திக்கு ஆகியிருக்கும்." சாம்பார் வாளியோடு நின்ற மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ஒனக்குத் தெரியும்லத்தா, வித்தது யாருன்னு. ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுப்பா." மிச்ச இலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே, "நீங்களும் மனசுல வச்சுக்காதீக. உலகச் சந்த அப்படிப் போச்சு. யாருமே கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றாள்.

அவள் டீச்சர். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி எனக்கும் ஆறுதல் சொன்னாள். ஆனால் டாலரோ லண்டனோ வந்து எங்கள் வீட்டுக் குழாயடியில் என் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஏழு வளையல் என்று போன் வந்த அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது எந்த நாட்டுச் சண்டையும் இல்லை.

மகள் சத்தியம் செய்திருக்கிறாள், நான் செய்யவில்லை. ஆகவே என் தங்கச்சிக்கும், ராசிங்காபுரம் சம்பந்தி வீட்டாருக்கும், மறைப்புக்குள் பேசிய அந்தப் பெண்ணுக்கும், என் கிட்டங்கியில் வேலை பார்க்கிற நாற்பது பேருக்கும், ரேட்டு கேட்டு என் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களுக்கும் சொல்கிறேன். என் பெண்டாட்டி விற்கவில்லை. விற்கவும் சொல்லவில்லை. ஆறாகத் திரும்பி வர வேண்டும் என்று ஒரு தடவையும், வாங்கிவிடுங்கள் என்று இரண்டு தடவையும் சொன்னாள். விற்றது நான், வாங்காமல் இருந்தது நான், சந்தனக் கும்பாவோடு வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். இனிமேல் யாராவது அந்த வளையல் பேச்சை எடுத்தால் அவள் பேரைச் சொல்லக் கூடாது. என் பேரைச் சொல்லுங்கள். இது முழுக்க நான் செய்தது; இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.